சாய்ந்த காலும் தேக்குப் பலகையும்: வாசகர் கேள்வி – பதில்

1950, 60களின் பாணியில் அமைந்த அறைகலன்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடைகளில் 'மிட்-செஞ்சுரி' என்று எழுதி மாட்டியிருப்பது இவற்றைத்தான்.

கேள்வி: புதிய பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவுக்குப் பிறகு கட்டித் தரும் அரசு வீடு) சாவி வாங்கிவிட்டோம். உள்ளலங்காரக்காரர்கள் காட்டும் படங்களில் பாதிக்கு மேல் சாய்ந்த கால், தேக்கு நிறம், பிரம்புக் கதவு. அறுபது, எழுபது வருடத்துக்கு முந்திய பாணிக்கு இன்னும் ஏன் இந்த மவுசு? பத்து வருடத்தில் சலித்துவிடாதா?
– வாசகி, தெங்கா

பதில்: பிரம்புக் கதவு சலிக்கலாம், தேக்கு நிறமும் சலிக்கலாம். அளவு சலிக்காது. இந்தப் பாணி நிற்பதே அளவில்தான்.

டென்மார்க்கில் கோர கிளிண்ட் என்பவர் 1924இல் கோப்பன்ஹேகன் கலைக்கழகத்தில் அறைகலன் வடிவமைப்பைக் கற்பிக்கத் தொடங்கினார். உட்கார்ந்த மனிதனின் முழங்கால் உயரம், மேசையில் கை எட்டும் தூரம், ஒரு வீட்டில் இருக்கும் தட்டுகளின் எண்ணிக்கை, மடித்த துணியின் அகலம் என்று எல்லாவற்றையும் அளந்த பிறகே அலமாரியை வரையவேண்டும் என்பது அவருடைய முறை. அவரிடம் பயின்ற போர்க மோகன்சன், 1942இல் எஃப்டிபி என்ற நுகர்வோர் கூட்டுறவுக்கு அறைகலன் வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1947இல் அவர் செய்த ஜே39 நாற்காலியில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. நான்கு கால், ஒரு வளைந்த முதுகுப் பலகை, காகிதக் கயிற்றால் பின்னிய இருக்கை, அவ்வளவுதான். சாதாரணக் குடும்பத்தின் சிறிய வீட்டுக்காகச் செய்தது. இன்றும் தயாரிப்பில் இருக்கிறது.

சின்ன வீடு, குறைந்த காசு, நிறையப் பேர் என்பதுதான் அவர்கள் கையில் இருந்த கணக்கு. 1960இல் சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தொடங்கியபோது இங்கே இருந்ததும் அதே கணக்குத்தான். ஆகவே அந்த அளவுகள் நம் ஹாலுக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த விஷ்போன் நாற்காலியின் மொத்த உயரமே 76 செ.மீ.தான். சாப்பாட்டு மேசை 72 முதல் 74 செ.மீ. இருக்கும். நாற்காலியின் முதுகு மேசையைவிடச் சற்றே மேலே நிற்பதால், ஆறு நாற்காலி போட்டாலும் அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்வை தடைபடாது. அலமாரி தரையிலிருந்து 15, 20 செ.மீ. உயர்ந்து நிற்பதால் தரை தொடர்ந்து தெரியும். அறை பெரிதாகத் தோன்றும். அடியில் துடைப்பமும் போகும், காற்றும் போகும். நம் ஈரக் காற்றுக்கு இந்த இரண்டாவது பயன்தான் முக்கியம். தரையோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் அடிப்பலகைதான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் அந்தக் காலத்தில் வந்ததெல்லாம் உங்கள் வீட்டுக்கு ஆகும் என்று நினைக்கவேண்டாம். ஆர்ன யாக்கப்சனின் 'எக்' நாற்காலி 1958இல் கோப்பன்ஹேகனின் எஸ்ஏஎஸ் ஹோட்டலுக்காகச் செய்யப்பட்டது. 86 செ.மீ. அகலம், அதுவும் சுழலும். ஹோட்டல் முன்கூடத்தில் அழகு; நான்கறை வீட்டில் இடைஞ்சல். அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் 1956ஆம் ஆண்டு சாய்வு நாற்காலியும் கால்வைக்கும் முக்காலியும் சேர்ந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும்.

இன்னொன்று. தச்சரிடம் சொல்லிச் சுவரோடு பொருத்தும் 'மிட்-செஞ்சுரி' டிவி அலமாரியும், தேக்குப் படம் அச்சடித்த லேமினேட்டும்தான் பத்து வருடத்தில் உங்களைச் சலிப்படையவைக்கும். இந்தப் பாணியின் உயிரே இடம் மாற்றிப் போடலாம் என்பதில் இருக்கிறது. நல்ல அலமாரி ஒன்று, நாற்காலி இரண்டு, மற்றதெல்லாம் சாதாரணமாக இருந்தால் போதும்.

கேள்வி: கேரோசல் இணையச் சந்தையில் '1960களின் டேனிஷ் தேக்கு சைட்போர்டு, முழுமரம்' என்று ஒரு நீண்ட, தாழ்வான அலமாரியை 1,800 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், ஈசூன்

பதில்: 'முழுமரம்' என்ற சொல்லைப் பார்த்தே சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்தின் நல்ல சைட்போர்டுகளில் பெரும்பாலானவை தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, ஒட்டியவை. கால், விளிம்பு, கைப்பிடி மட்டும் முழுத்தேக்கு. அது ஏமாற்று வேலை இல்லை. 45 செ.மீ. அகலமுள்ள முழுப்பலகைக் கதவு வளையும். வெனீர் கதவு நேராக நிற்கும். ஆகவே விற்பவர் முழுமரம் என்று அடித்துச் சொன்னால், பெரும்பாலும் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது அது டேனிஷ் இல்லை.

நேரில் போகுமுன் ஐந்து படம் கேளுங்கள். பின்பக்கம், அடிப்பக்கம், கால் சேரும் இடம், கதவின் ஓரம், வெளியே உருவி எடுத்த டிராயரின் பக்கவாட்டு. முன்பக்கப் படம் எதையும் சொல்லாது.

டிராயரின் மூலையில் இரண்டு பலகைகளும் விரிந்த பற்களாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால், அதாவது டவ்டெயில் இணைப்பாக இருந்தால், நல்ல அறிகுறி. ஸ்டேப்பிள் அடித்திருந்தால் மேலே பேசவேண்டாம். மேற்பலகையின் மர ரேகை ஓரத்தில் மடங்கி நெற்றியிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் முழுப்பலகை, அறுந்து வேறு துண்டாகத் தொடங்கினால் வெனீர். ஒரே முடிச்சோ சுழியோ ஒரு முழம் தள்ளி அப்படியே மறுபடி வந்தால் அது மரமே இல்லை, அச்சடித்த தாள்.

உள்ளே சிப்போர்டு (மரச் சீவலைப் பசையோடு அழுத்திய பலகை) தெரிந்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். 60களிலேயே வெனீருக்கு அடியில் சிப்போர்டு வைத்தார்கள். ஆனால் அதன் அடி விளிம்பு ஊதி உப்பியிருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது என்று பொருள், அதைத் திருத்தமுடியாது. திருகாணியின் தலையும் முடிவான சாட்சி இல்லை. ஒற்றைக்கோடு பழமையைக் காட்டும் என்பார்கள், ஆனால் கூட்டல் குறித் தலை 1930களிலிருந்தே இருக்கிறது. டிராயருக்குள்ளோ முதுகிலோ 'டேனிஷ் ஃபர்னிச்சர் மேக்கர்ஸ் கன்ட்ரோல்' என்ற வட்ட முத்திரை இருக்கலாம். இல்லாவிட்டால் போலி என்று ஆகிவிடாது.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த பட்டறைகள் இதே வடிவங்களைத் தேக்கில் செய்தன. கனம் அதிகம், இணைப்பு சற்று முரடு, மரம் தாராளம். இன்று இவற்றில் சில 'டேனிஷ்' என்ற பெயரில் கைமாறுகின்றன. பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காமல் வாங்கினால் இவை நல்ல சாமான்கள். நம் காற்றுக்கு ஏற்கெனவே பழகியவையும்கூட.

கடைசியாக, கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை பிடித்த அலமாரியிலிருந்து அந்த வாடையை எடுப்பது பெரும்பாடு. லிஃப்டின் உள்ளளவையும் அளந்துகொண்டு போங்கள். இரண்டு மீட்டர் அலமாரியைப் பெரும்பாலும் காலைக் கழற்றி நிமிர்த்தித்தான் ஏற்றவேண்டியிருக்கும்.

கேள்வி: டென்மார்க்கிலிருந்து வரவழைத்த தேக்கு மேசை. வந்தபோது இரு பக்கமும் இழுக்கும் பலகைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. மூன்று மாதத்தில் இறுகிவிட்டன. கூடவே வந்த அலமாரியின் டிராயரும் சிக்குகிறது. இழைத்துவிடலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: இழைக்காதீர்கள். மரம் வீங்கியிருக்கிறது, இன்னும் அடங்கவில்லை.

குளிர்காலத்தில் சூடேற்றும் ஐரோப்பிய வீட்டில் மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஏறத்தாழ 8 விழுக்காடு. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலில் 90ஐத் தாண்டும். ஏர்கான் அதிகம் போடாத வீட்டில் மரம் 14 விழுக்காடு வரை ஈரம் குடிக்கும். இந்த ஆறு விழுக்காட்டு ஏற்றத்தில் 90 செ.மீ. அகல முழுத்தேக்குப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து 5 முதல் 10 மி.மீ. வரை அகலும். நீளவாக்கில் வளர்ச்சி மிகக் குறைவு, கணக்கில் எடுக்கவே வேண்டாம். தேக்கு அசையாத மரம் என்று பெயர் வாங்கியது. அதற்கே இந்த நிலை. டிராயரின் பக்கப் பலகை பெரும்பாலும் ஓக் அல்லது பீச். பீச் இன்னும் அதிகம் வீங்கும். 15 செ.மீ. உயரமுள்ள பீச் பலகை 2 முதல் 4 மி.மீ. வளரும். தச்சர் விட்டிருந்த இடைவெளியோ 1 மி.மீ. சிக்காமல் என்ன செய்யும்?

இப்போது இழைத்துவிட்டு, பிறகு அந்த அறையில் தினமும் ஏர்கான் போட ஆரம்பித்தால் மரம் சுருங்கி டிராயர் லொடலொடக்கும். ஆறு மாதம் விடுங்கள். அதுவரை டிராயரை வெளியே எடுத்து, பக்கங்களின் மேல், கீழ் விளிம்புகளில் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து மாட்டுங்கள். எண்ணெய் தடவாதீர்கள். மேசையின் மேற்பலகை பெரும்பாலும் கட்டைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தூக்கிப் பார்த்து, உராயும் இடத்தில் பளபளப்பு எங்கே ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் மெழுகிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் சிக்கினால் டிராயரின் கீழ் விளிம்பில் மட்டும், 120 எண் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்த்து, அடிக்கடி போட்டுப் பார்த்துக்கொண்டே குறைக்கவேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: பகலில் மூடி, இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் படுக்கையறைதான் மரத்துக்கு மிக மோசமான இடம். தினமும் விரிந்து தினமும் சுருங்கும். ஏர்கான் காற்று நேராக மேலே விழும் இடத்தில் எதையும் வைக்கவேண்டாம்.

கேள்வி: சைட்போர்டின் மேல் சாமி படங்களை வைத்து விளக்கேற்றுகிறோம். இரண்டு வருடத்தில் எண்ணெய்க் கறை, மஞ்சள், குங்குமக் கறை எல்லாம் படிந்துவிட்டன. கற்பூரத் தட்டு வைத்த இடத்தில் வட்டமாகப் பிசுபிசுப்பு. என்ன செய்யலாம்?
– வாசகி, செங்காங்

பதில்: நான்கும் நான்கு விதமான கறை, ஒரே மருந்து போடக்கூடாது.

நல்லெண்ணெய் காற்றில் மெல்லக் கெட்டிப்படும் எண்ணெய். பழைய சிந்தல் பிசினாக நிற்கும். பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மர ரேகைவாக்கில் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் கொஞ்சம் டர்பண்டைன் நனைத்து ஒற்றித் துடையுங்கள். முதலில் பின்பக்கத்தில் ஓரிடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். மரத்துக்குள் இறங்கிய எண்ணெய்க்கு டால்கம் பவுடரை அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டி, மேலே ஒரு தாள் போட்டு, இரவு முழுதும் விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள். மூன்று, நான்கு முறை செய்யவேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் கெட்டிப்படாது, அதனால் இந்த முறையில் அது எளிதாக வரும்.

மஞ்சளுக்குச் சோப்பு போடாதீர்கள், சமையல் சோடாவும் கூடாது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். குங்குமம் செய்வதே அப்படித்தான். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். கறை பட்ட பக்கத்தைச் சன்னல் ஓரம் சில நாள் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் வெயில் தேக்கின் நிறத்தையும் மாற்றும், அதனால் மேற்பலகை முழுதும் ஒரே சீராக வெளிச்சம் பட வையுங்கள். கடையில் விற்கும் குங்குமம் பலவற்றில் இருப்பது செயற்கைச் சாயம். அது பூச்சுக்கு மேலே நின்றால் துடைத்தெடுக்கலாம். மரத்துக்குள் இறங்கியிருந்தால் முழுதாக வராது.

கற்பூர வட்டம்தான் பலர் கவனிக்காதது. அந்தக் கால அலமாரிகள் பலவற்றில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சு. அதை இளக்கும் பொருள்களில் ஒன்று கற்பூரம். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கைச் செய்யவே இரண்டையும் கலந்தார்கள். வில்லையை நேரடியாகப் பலகையில் வைத்தால், ஏற்றாமலே பூச்சு இளகிவிடும். அந்த இடத்தைத் தொடாமல் இரண்டு வாரம் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். பெரும்பாலும் மறுபடி இறுகும். தடம் மட்டும் நிற்கும்.

இனிமேலுக்கு: பித்தளைத் தட்டு மட்டும் போதாது, அது சூட்டை அப்படியே கீழே கடத்தும். 30 செ.மீ. சதுரப் பீங்கான் ஓடு ஒன்றை வாங்கி, அடியில் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, அதன்மேல் தட்டும் விளக்கும் வையுங்கள். வெனீருக்கு அடியில் இருக்கும் பழைய பசை தொடர்ந்து சூடு பட்டால் இளகி, வெனீர் குமிழியிடும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த தேக்கு அலமாரி மங்கிவிட்டது. மின் தேய்ப்பானால் தேய்த்து, 'டீக் ஆயில்' அடித்தால் புதிதாகிவிடும் என்கிறார் நண்பர்.
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: மின் தேய்ப்பானை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெனீரின் கனம் பல அலமாரிகளில் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 80 எண் தாளோடு இயந்திரம் ஒரே இடத்தில் சில நொடி நின்றால் அடியிலுள்ள வெளிர்ந்த மரம் எட்டிப்பார்க்கும். முதலில் போவது விளிம்பு. போன வெனீருக்கு மாற்று இல்லை.

முதலில் பூச்சு என்ன என்று பாருங்கள். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சில நிமிடத்தில் உள்ளே இறங்கினால் எண்ணெய்ப் பூச்சு. இறங்காமல் நின்றால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டிப் பிசுபிசுத்தால் அரக்கு. தின்னருக்கு மட்டும் இளகினால் லேக்கர். எதற்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன். அரக்கு, லேக்கர், பாலியூரித்தேன் மூன்றின்மேலும் எண்ணெய் அடிப்பது வீண். எண்ணெய் உள்ளே போகாது. பிசுக்காக மேலேயே நின்று தூசி பிடிக்கும். அவற்றுக்கு அழுக்கு நீக்கி மெழுகு போட்டாலே பாதி மங்கல் போய்விடும்.

எண்ணெய்ப் பூச்சு என்றால்: 0000 எண் ஸ்டீல் வுல்லை டர்பண்டைனில் நனைத்து ரேகைவாக்கில் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு எண்ணெயைத் துணியால் தடவி, 15 நிமிடம் கழித்து மேலே நிற்பதை முழுதும் துடைத்தெடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. 180 செ.மீ. அலமாரியின் மேற்பலகைக்கு ஒரு பூச்சுக்கு 60 முதல் 80 மி.லி. போதும். மூன்று நாளாகியும் ஒட்டுகிறது என்றால் துடைத்தது போதாது, அல்லது மழை நாளில் செய்திருக்கிறீர்கள். 'டீக் ஆயில்' தேக்கிலிருந்து எடுப்பதில்லை. லின்சீட் அல்லது டங் எண்ணெயோடு வார்னிஷ் கலந்தது. காய்ச்சாத லின்சீட் எண்ணெய் நம் ஈரத்தில் பூஞ்சைக்குத் தீனி, அதைத் தவிருங்கள்.

இதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். குப்பைக் குழாயில் போடவே கூடாது. ஒற்றையாக விரித்து முழுதும் விறைப்பாகும்வரை உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய டப்பாவில் அமுக்கி மூடுங்கள். வேலையை வீட்டுக்குள் சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பொது நடைபாதை தப்பிக்கும் வழி, அங்கே அலமாரியையும் தின்னரையும் பரப்பக்கூடாது.

கேள்வி: மர நாற்காலியின் மெத்தை குழிந்துவிட்டது. அடியில் ரப்பர் பட்டைகள் தொங்குகின்றன. பிளைவுட் பலகை வைத்துவிடலாமா?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: வைக்கலாம், ஆனால் பலகையில் உட்கார்வது போலத்தான் இருக்கும். மெத்தைக்கு அடியில் காற்று போகாமல் வேர்வை ஈரம் தங்கும். ரப்பர் பட்டையே இந்த நாற்காலிகளின் சுருள்வில். பிரெல்லி நிறுவனம் கொண்டுவந்த இந்தப் பட்டை வந்ததால்தான் சட்டத்தை அவ்வளவு மெல்லியதாகச் செய்யமுடிந்தது. சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும், மாற்றுவது வழக்கமான பராமரிப்பு.

5 செ.மீ. அகலப் பட்டை வாங்குங்கள். சட்டத்தில் சாய்வாக வெட்டிய பள்ளம் இருந்தால் பட்டையின் முனையில் இரும்புக் கிளிப் வேண்டும். கிளிப்பை மாட்டி வைஸில் வைத்து நசுக்கவேண்டும், சுத்தியால் அடித்தால் ஒரு பக்கம் பிடி விடும். பள்ளத்துக்குப் பள்ளம் 50 செ.மீ. என்றால் பட்டையை 45 செ.மீ.க்கு வெட்டுங்கள். ஏறத்தாழ பத்து விழுக்காடு இழுத்து மாட்டுவது சரியான விறைப்பு. அதற்கு மேல் இழுத்தால் இருக்கை கல்லாகும், பழைய சட்டத்தின் இணைப்பும் விடும். பழைய கிளிப் துரு பிடித்திருந்தால் பள்ளத்தைச் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய ஃபோம் உதிர்ந்து பொடியாகியிருக்கும். இருக்கைக்கு 10 செ.மீ. கனம், ஒரு கனமீட்டருக்கு 35 கிலோ அடர்த்தி; முதுகுக்குச் சற்று மெல்லியது. உறையைவிட ஒவ்வொரு பக்கமும் அரை செ.மீ. பெரிதாக வெட்டி, பாலியஸ்டர் பஞ்சு சுற்றித் திணித்தால் மூலைகள் நிறைந்து நிற்கும்.

கேள்வி: நாற்காலி ஆடுகிறது. இடுக்கில் பசையை ஊற்றினேன், இரண்டு வாரத்தில் மறுபடி ஆடுகிறது.
– வாசகர், ஹவ்காங்

பதில்: பழைய பசையின்மேல் புதுப் பசை பிடிக்காது. ஆடும் இணைப்பை முழுதாகக் கழற்றுங்கள். மாட்டுப்பசையாக (தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை) இருந்தால் வெந்நீர்த் துணியில் இளகும். சுரண்டி மரம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். தேக்கின் இயற்கை எண்ணெய் பசையை ஏற்காது, அதனால் ஒட்டப்போகும் இடத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டு, உலர்ந்ததும் தாமதிக்காமல் மரப்பசை தடவிக் கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் லாரியில் சாமான் கட்டும் ராட்செட் பட்டை போதும். ஒரு மணி நேரம் இறுக்கம், ஒரு நாள் யாரும் உட்காரக்கூடாது. இறுக்குமுன் சமதரையில் வைத்து நான்கு காலும் தரை தொடுகிறதா என்று பாருங்கள். எந்த நிலைமையிலும் திருகாணி வேண்டாம், மரம் பிளக்கும்.

கேள்வி: 'சண்டிகர் நாற்காலி' என்று இரண்டு வாங்கினோம். பிரம்பு தொய்ந்துவிட்டது. ஒன்றின் அடியில் மாவு மாதிரி தூள் விழுகிறது.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சுவிஸ் கட்டடக் கலைஞர் பியேர் ஜானரே 1950களில் சண்டிகர் அரசாங்க அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் செய்யவைத்த நாற்காலிகளின் நகல் உங்களுடையது. அசல் நாற்காலிகள் பல பழைய சாமான் குவியலிலிருந்து ஏலக் கூடத்துக்குப் போய்விட்டன.

தூளைத் தொட்டுப் பாருங்கள். முகப்பவுடர் அளவுக்கு நைசாக இருந்தால் வண்டு. சொரசொரப்பான சிறு மணிகளாக இருந்தால் கறையான். பிரம்பின் மாவுச்சத்தை வண்டு விரும்பும், வெளிர் நிறப் புறமரத்தையும் தின்னும். தேக்கின் வைரப் பகுதியை ஏறத்தாழத் தொடாது. ஆக, பிரம்பை முழுதும் வெட்டி எடுத்து, பையில் கட்டி எறிந்துவிட்டு, சட்டத்தைப் பாருங்கள். சட்டத்திலும் 1, 2 மி.மீ. துளைகள் இருந்து தூள் தொடர்ந்தால் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தைக் கூப்பிடவேண்டும். கறையான் என்றாலும் அதேதான், தள்ளிப்போடாதீர்கள்.

தொய்ந்தது மட்டும் என்றால், நாற்காலியைக் கவிழ்த்து வெந்நீரில் நனைத்த துண்டைப் பிரம்பின் அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு, இரவு முழுதும் மின்விசிறியில் காயவிடுங்கள். அறுந்திருந்தால் மாற்றவேண்டும். இருக்கையைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னியது, அது தனி வேலை. பள்ளத்தில் ஒரு கம்பு அழுத்தியிருந்தால் ஏற்கெனவே பின்னிய பிரம்புத் தாள் வாங்கி நீங்களே செய்யலாம். கம்பை மெல்லிய உளியால் நெம்பி எடுத்து, பழைய பசையைச் சுரண்டுங்கள். புதுத் தாளைப் பள்ளத்துக்கு வெளியே மூன்று செ.மீ. விட்டு வெட்டி, முக்கால் மணி நேரம் ஊறவைத்து, மர ஆப்பால் பள்ளத்துக்குள் தட்டி, மரப்பசை விட்டு, ஊறிய கம்பைத் தட்டி இறக்கி, மிச்சத்தை உளியால் சீவுங்கள். ஈரமாக இருக்கும்போதே தோல்கருவி விறைப்புக்கு இழுக்காதீர்கள். காயும்போது அது தானே இறுகும். அதிகம் இழுத்திருந்தால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டு நாள் யாரையும் உட்காரவிடாதீர்கள்.

கேள்வி: கோப்பன்ஹேகன் விற்பனையாளரிடம் ஒரு ரோஸ்வுட் அலமாரி பார்த்திருக்கிறோம். கப்பலில் வரவழைக்கச் சிக்கல் உண்டா?
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: தேக்கு என்றால் இல்லை, ரோஸ்வுட் என்றால் உண்டு. 60களின் டேனிஷ் அலமாரிகள் பலவற்றில் இருப்பது பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலில் இருக்கிறது, கடுமையான கட்டுப்பாடு. தென்னிந்தியாவின் ஈட்டி மரமும் அதன் உறவுதான், அது இரண்டாம் பட்டியலில். அலமாரி பழையது என்பதால் மட்டும் விலக்கு கிடையாது. தடைக்கு முந்திய மரம் என்பதற்கான ஆவணத்தோடு டென்மார்க்கிலிருந்து சான்றிதழும், இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் பொருள் கப்பலேறுமுன் கையில் இருக்கவேண்டும். விற்பனையாளர் 'அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை' என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள், பிடிபட்டால் அலமாரியே போய்விடும்.

வரியைப் பொறுத்தவரை, அறைகலனுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. பொருள் சேவை வரி 9 விழுக்காடு உண்டு. அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்த தொகைக்கு. 400 வெள்ளிச் சலுகை விமானத்திலும் அஞ்சலிலும் வருவதற்குத்தான், கப்பல் சரக்குக்குக் கிடையாது. விலை பேசும்போதே மரத்தின் தாவரவியல் பெயரை விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அனுமதி விண்ணப்பத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.